கதவு திறக்காத பத்துப் பாடல்கள்

காட்டுப்பாக்கத்தில் குளிர்காலம் என்று எழுதினால் கொடைக்கானல்காரர்கள் சிரிப்பார்கள். டிசம்பர் கடைசியில் விடிகாலை இருபது, இருபத்தொரு டிகிரி இருக்கும். அதற்கே எங்கள் தெருவில் பால் பாக்கெட் போடும் அண்ணன் குரங்குக் குல்லாவோடுதான் வருவார். ஆனால் இருட்டு நிஜமான இருட்டு. சூரியன் வர ஆறரை ஆகிவிடும். அந்த இருட்டில் நாலரைக்குத் தெருக்கோயில் ஒலிபெருக்கி உயிர் பெறும். முதலில் ஒரு கரகரப்பு, பிறகு யாரோ மைக்கை ஊதிப் பார்ப்பது, அப்புறம் திருப்பாவை. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. மார்கழி அந்த விதிகளைப் படித்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மார்கழியில் நானும் தோழி ஒருத்தியும் இங்கே மாடி போர்ஷன் ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். எனக்குக் காலை ஷிஃப்ட். ஐந்தேகாலுக்குக் கிளம்பினால்தான் ஐயப்பன்தாங்கல் போய் பஸ் பிடிக்க முடியும். அவளுக்குப் பத்து மணிக்கு ஆபீஸ். அந்த டிசம்பரில் அவள் படுக்கையை விட்டு எழுந்திருப்பதை நிறுத்தினாள். ஒரே நாளில் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் பத்து மணி பதினொன்றாயிற்று, பிறகு லீவாயிற்று, பிறகு நான் சாயங்காலம் திரும்பும்போதும் அதே போர்வை, அதே பக்கம் திரும்பிய முதுகு. "எந்திரிடி" என்று முதல் வாரம் கதவைத் தட்டினேன். இரண்டாவது வாரம் டீயைப் போட்டுக் கதவோரம் வைத்துவிட்டுப் போனேன். மூன்றாவது வாரம் சத்தம் வராமல் தாழ்ப்பாளைப் போடக் கற்றுக்கொண்டேன். தை பிறப்பதற்குள் அவள் அம்மா ஊரிலிருந்து வந்து கூட்டிப் போய்விட்டார்.

இதைச் சொல்லிவிட்டுத்தான் திருப்பாவையைப் பற்றி எழுத முடியும் என்று தோன்றுகிறது. ஏனென்றால் அந்த முப்பது பாட்டில் ஆறிலிருந்து பதினைந்து வரையான பத்துப் பாட்டுகள் இதைப் பற்றியவைதான். படுக்கையை விட்டு எழாத ஒருத்தி உள்ளே, போக வேண்டிய அவசரத்தோடு சிலர் வெளியே, நடுவில் ஒரு கதவு.

நம்மில் பெரும்பாலோருக்குத் திருப்பாவை பள்ளிக்கூட ஒப்புவித்தல் போட்டி வழியாக வந்தது. இல்லையென்றால் அரியக்குடி இராமானுஜ அய்யங்கார் மெட்டமைத்து, எம்.எல். வசந்தகுமாரி குரலில் காதில் விழுந்தது. இரண்டிலும் ஒரு நஷ்டம் உண்டு. பாட்டு அழகாகிவிடுகிறது, சண்டை கேட்காமல் போகிறது. அந்தப் பத்துப் பாட்டையும் ராகத்தைக் கழற்றிவிட்டு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அது ஹாஸ்டல் வராண்டா.

தூங்குகிறவரைப் பாடி எழுப்புவது தமிழில் மிகப் பழைய வேலை. தொல்காப்பியம் புறத்திணையியலில் அதற்குத் துயிலெடை நிலை என்று பெயரே இருக்கிறது. அங்கே தூங்குகிறவன் அரசன், பாடுகிறவர்கள் சூதர்கள். எழுப்புகிறவன் கீழே, எழுகிறவன் மேலே. பக்தி காலத்தில் அரசன் இருந்த கட்டிலில் கடவுள் வந்து படுத்தார். அரங்கனுக்குத் தொண்டரடிப்பொடி ஆழ்வார், திருப்பெருந்துறைச் சிவனுக்கு மாணிக்கவாசகர் என்று ஆளுக்குப் பத்துப் பாட்டில் பள்ளியெழுச்சி. பின்னால் வந்த வேங்கடேச சுப்ரபாதமும் அதே மரபுதான் (திருமலையில் மார்கழி முழுக்க அந்த சுப்ரபாதத்துக்குப் பதில் திருப்பாவைதான் என்பது தனி வேடிக்கை). பாரதி அந்தக் கட்டிலில் பாரத மாதாவைக் கிடத்தினான். பிள்ளைகள் வந்து எழுப்ப வேண்டிய தாய். ஆள் மாறினாலும் ஏற்பாடு மாறவில்லை. தூங்குவது பெரியவர், எழுப்புவது சிறியவர்.

ஆண்டாள் செய்த காரியம் என்னவென்றால், அந்தக் கட்டிலைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிப்போனது. தூங்குகிறவள் மாமன் மகள். இன்னொருத்தி யாரோ ஒரு எருமைக்காரனின் தங்கை. எழுப்புகிறவர்களும் அதே வயசு, அதே தெரு. அரசனுக்கும் அரங்கனுக்கும் மட்டும் இருந்த மரியாதை, அதாவது நீ எழுந்திருக்கும்வரை உலகம் காத்திருக்கிறது என்ற மரியாதை, சோம்பல் முறிக்கிற ஒரு சின்னப் பெண்ணுக்குக் கிடைக்கிறது. திருவெம்பாவையின் முதல் எட்டுப் பாட்டிலும் இதேதான் நடக்கிறது. கடவுளை எழுப்புவதைவிட இது கஷ்டமான வேலை என்பது இரண்டு பேருக்குமே தெரிந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் பதிலுக்குப் பேசுவாள் அல்லவா?

விடிந்துவிட்டது என்று நிரூபிப்பதுதான் வெளியே நிற்கிறவர்களின் முதல் வேலை. அலாரம் இல்லாத ஊரில் எத்தனை அலாரங்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. பறவைச் சத்தம், கோயில் சங்கு, தயிர் கடைகிற ஓசையோடு கலந்த கழுத்துத் தாலிகளின் ஓசை, கிழக்கில் வெளுப்பு, பனிப்புல் மேய அவிழ்த்து விட்ட எருமை, புழக்கடைக் குளத்தில் விரிந்த செங்கழுநீரும் குவிந்த ஆம்பலும். பதின்மூன்றாம் பாட்டில் வெள்ளி எழுந்து வியாழன் மறைகிறது. அந்த ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டு மு. இராகவையங்கார் ஆண்டாளின் காலத்தை 731 என்று கணித்தார். பிறகு வந்தவர்கள் அதே சேர்க்கை வேறு ஆண்டுகளிலும் வருமே என்று வாதாடினார்கள். எனக்கு அந்தக் கணக்கில் பெரிய ருசியில்லை. மணி என்னாச்சு பார் என்று அத்தனை பேர் அத்தனை விதமாகக் கத்துகிறார்களே, அதில்தான் ருசி.

உள்ளே இருப்பவள் சும்மா இருப்பாளா? மூலத்தில் அவள் பெரும்பாலும் பேசுவதில்லை. அவள் பேச்சை வியாக்கியானக்காரர்கள் கண்டுபிடித்துத் தருகிறார்கள். எட்டாம் பாட்டுக்கு அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். கிழக்கு வெளுத்துவிட்டது என்கிறார்கள் வெளியே. அது விடியல் இல்லை, உங்கள் முக வெளிச்சம் அந்தப் பக்கம் பட்டுத் திரும்புகிறது என்கிறாள் உள்ளே. எருமை மேயப் போய்விட்டதே? அது எருமை இல்லை, உங்கள் முக ஒளிக்குப் பயந்து ஓடுகிற இருட்டின் திரள்! எட்டு நூறு வருஷங்களுக்கு முன் வைணவ ஆசாரியர்கள் உட்கார்ந்து எழுதிய சாக்குகளில் இவை சேர்த்தி. தூக்கத்தில் இருக்கும் மூளை எப்படிப்பட்ட வக்கீல் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அதே வியாக்கியானங்களோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. அவர்களைப் பொறுத்தவரை இந்தப் பெண்கள் தூங்கவே இல்லை, கண்ணன் நினைவில் ஆழ்ந்து கிடக்கிறார்கள். தூக்கம் என்பது தனியனுபவம், எழுந்து வருவது அடியார் கூட்டத்தில் சேர்வது. பத்துப் பெண்களைப் பத்து ஆழ்வார்களாகக் காட்டும் வாசிப்பும் இருக்கிறது. பதின்மூன்றாம் பாட்டில் படுக்கையில் கிடப்பதைக் கள்ளம் என்கிறாள் ஆண்டாள். தனியாக அனுபவிப்பது திருட்டு என்று அதற்குப் பொருள் விரிகிறது. நல்ல விரிவுதான். ஆனால் இப்படி எல்லாத் தூக்கத்தையும் உயர்ந்த தூக்கமாக்கிவிட்டால், வெறுமனே எழ முடியாமல் கிடக்கிறவளுக்கு இந்தப் பாட்டில் இடம் எங்கே? அவளுக்கு உள்ளே கண்ணனும் இல்லை, ஒருவரும் இல்லை. ஃபேன் ஓடுகிறது, அவ்வளவுதான்.

அந்த இடம் மூலத்தில் இருக்கிறது என்பது என் வாசிப்பு. ஒன்பதாம் பாட்டு. மாடம், சுற்றிலும் விளக்கு, தூபம், மெத்தை. எழுப்பிப் பார்த்து அலுத்துப்போய் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டு அம்மாவிடம் திரும்புகிறார்கள். மாமி, அவளை எழுப்பக் கூடாதா, உங்கள் பெண் என்ன ஊமையா, செவிடா, சோம்பேறியா? சுத்தமான மரியாதைக்கேடு. ஆள் உள்ளே இருக்கும்போதே படர்க்கையில் பேசுவது. நான் செய்தது இதுதான். வீட்டுக்கார அக்கா கேட்டபோது அவள் காதில் விழும்படியே, "அவ எந்திரிக்க மாட்டாக்கா, சோம்பேறி" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். ஆனால் ஆண்டாளின் கேள்வி அதோடு முடிவதில்லை. இன்னொன்று வருகிறது: யாராவது மந்திரம் போட்டு இவளை இந்தப் பெரிய தூக்கத்தில் கட்டி வைத்துவிட்டார்களா? முதல் மூன்றும் பழி. நாலாவதில் குரல் மாறிவிடுகிறது. அவள் எழ மாட்டேன் என்கிறாளா, எழ முடியவில்லையா என்ற சந்தேகம் அங்கே முதல்முறையாக வருகிறது. ஒரே மூச்சில் திட்டில் ஆரம்பித்து பயத்தில் போய் நிற்கும் வாக்கியம் அது. நான் முதல் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

இப்போது காலையில் எழுவதைப் பற்றி நம் தலைமுறை வாசிக்கும் இலக்கியம் வேறு. ராபின் ஷர்மாவின் 'ஐந்து மணிக் கிளப்' 2018இல் வந்தது. அதற்குப் பிறகு ரீல்ஸில் திறக்கிற முதல் ஜன்னலில் எல்லாம் யாரோ ஒருவர் நாலரைக்கு எழுந்து எலுமிச்சை ஜலம் குடிக்கிறார். அந்த விடியலில் இன்னொரு ஆள் கிடையாது. எழுகிறவர் உலகத்தைவிட ஒரு மணி நேரம் முந்திக்கொள்கிறார். கிளப் என்று பெயர், உறுப்பினர் ஒருத்தர்தான். மேலோட்டமாகப் பார்த்தால் பாவை நோன்பும் இதே மாதிரி இருக்கும். விடிகாலைக் குளியல், நெய் இல்லை, பால் இல்லை, மை இல்லை, பூ இல்லை. ஒழுக்க அட்டவணை ரெடி. ஆனால் எட்டாம் பாட்டில் வெளியே நிற்பவர்கள் சொல்லும் ஒரு தகவலைக் கவனியுங்கள். மற்ற பெண்கள் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார்களாம். அவர்களைப் போகவிடாமல் நிறுத்தி வைத்துவிட்டு உன்னைக் கூப்பிட வந்து நிற்கிறோம் என்கிறார்கள். முந்திக் கிளம்பியவர்களை நிறுத்தி வைப்பது! எந்தக் காலைநேர வழிகாட்டி நூலிலும் இப்படி ஒரு யோசனை வராது.

ஏன் நிறுத்தினார்கள்? ஒருத்தி வராவிட்டால் நோன்பு பலிக்காது என்று எங்கும் சொல்லப்படவில்லை. போயிருக்கலாம். பன்னிரண்டாம் பாட்டில் அவர்கள் நிற்கும் நிலையைப் பாருங்கள். கறக்க ஆள் வராத எருமை கன்றை நினைத்துத் தானாகப் பால் சொரிந்து வாசலெல்லாம் சேறு. கீழே அந்தச் சேறு, மேலே தலையில் பனி விழுகிறது, கையில் பிடிமானமாக வாசற்படி மரம். வழுக்கும் தரையில் நின்றுகொண்டு நிலைவாசலைப் பிடித்தபடி ஒருத்தியைக் கூப்பிடுகிறார்கள். கோயில் ஒலிபெருக்கிக்கும் இந்தப் பாட்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இங்கேதான் பிடிபட்டது. ஒலிபெருக்கி ஊரையே எழுப்பும், ஒரு வாசலிலும் நிற்காது. கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கு எழுந்துவிட்டோமா என்று அதனிடம் சொல்லவும் வழியில்லை. மூன்றாவது வாரத்தில் என் டீயும் கிட்டத்தட்ட ஒலிபெருக்கியாகிவிட்டது. கதவோரம் வைத்தேன், நிற்கவில்லை.

பதினைந்தாம் பாட்டு இந்தப் பத்தின் கடைசி. அது முழுக்க உரையாடல். இன்னுமா தூங்குகிறாய் என்கிறார்கள். நைநையென்று கூப்பிடாதீர்கள், வந்துகொண்டுதான் இருக்கிறேன் என்கிறாள். உன் வாய் எங்களுக்குத் தெரியாதா என்கிறார்கள். வாய் உங்களுக்குத்தான், சரி, நானே அப்படிப்பட்டவள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். சீக்கிரம் வா, உனக்கு மட்டும் வேறென்ன வேலை? எல்லாரும் வந்தாச்சா? வந்தாச்சு, வந்து எண்ணிப் பார்த்துக்கொள். யார் எந்தச் சொல்லைச் சொல்கிறார்கள் என்று மூலத்தில் பெயர் போட்டு எழுதியிருக்காது. ஆனாலும் காதில் விழுந்தவுடன் தெரிந்துவிடுகிறது, எது கதவுக்கு இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம் என்று. இல்லாத பழியையும் ஏற்றுக்கொண்டு சரி, நானே என்று சொல்வதை வைணவ லட்சணம் என்று கொண்டாடினார்கள் உரைகாரர்கள். எனக்கு அது தூக்கக் கலக்கத்தில் சொல்கிற, விடுங்களேண்டி என்கிற 'சரி'யாகவே கேட்கிறது. இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம்.

எண்ணிப் பார் விஷயத்தில் மாணிக்கவாசகர் இன்னும் குறும்புக்காரர். திருவெம்பாவை நாலாம் பாட்டிலும் உள்ளே இருப்பவள் எல்லாரும் வந்தாச்சா என்று கேட்கிறாள். எண்ணிச் சொல்கிறோம், அந்தச் சாக்கில் இன்னும் கொஞ்சம் தூங்கிவிடாதே என்கிறார்கள் முதலில். பிறகு, நாங்கள் எண்ண மாட்டோம், நீயே எழுந்து வந்து எண்ணு, ஆள் குறைந்தால் திரும்பப் போய்த் தூங்கிக்கொள் என்கிறார்கள். ஒருத்தியைப் படுக்கையிலிருந்து கிளப்ப இதைவிட நல்ல தந்திரம் நான் பார்த்ததில்லை. திரும்பித் தூங்கலாம் என்ற அனுமதியை முன்கூட்டியே கொடுத்துவிடுவது. அவளிடம் நான் ஒரு தடவைகூட இப்படிச் சொல்லவில்லை. சும்மா வந்து மொட்டைமாடியில் நின்றுவிட்டுத் திரும்பப் படுத்துக்கோ என்று.

பலமுறை படித்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். பத்துப் பாட்டிலும் ஒரு கதவுகூடத் திறப்பதில்லை. ஒரு பெண்ணும் கண் விழித்து, போர்வையை விலக்கி, தரையில் கால் வைப்பதாக ஒரு சொல் இல்லை. பதினைந்தாம் பாட்டில் பேச்சு நடக்கிறது. பதினாறாம் பாட்டில் எல்லாரும் நந்தகோபன் வாசலில் நின்று காவல்காரனிடம் கதவைத் திறக்கச் சொல்கிறார்கள். எழுந்தது எப்போது? இரண்டு பாட்டுக்கு நடுவில் இருக்கும் வெள்ளைத் தாளில். திருவெம்பாவையிலும் அப்படித்தான், எட்டாம் பாட்டுவரை வாசல், அதற்கப்புறம் வேறு பேச்சு, நீராட்டு.

ஆண்டாளுக்கு எழுவதை எழுதத் தெரியாது என்று சொல்ல முடியாது. இருபத்து மூன்றாம் பாட்டு இருக்கிறது. மழைக்காலம் முழுக்க மலைக்குகையில் ஒடுங்கித் தூங்கிய சிங்கம் எழுகிறது. கண்ணில் நெருப்பு, பிடரி மயிர் சிலிர்த்துப் பரவுவது, உடம்பை உதறுவது, நெட்டுயிர்த்து நிமிர்வது, கர்ஜனை, பிறகு நடை. தமிழில் ஒரு உயிர் தூக்கத்திலிருந்து எழுவதை இவ்வளவு தசை தசையாக எழுதிய இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. அது அத்தனையும் கண்ணனுக்கு உவமை. அவன் கட்டிலும் பத்தொன்பதாம் பாட்டில் விவரமாக வருகிறது. தந்தக் கால், குத்துவிளக்கு, பஞ்சு மெத்தை, அவனை எழவிடாத நப்பின்னை. கடவுள் எழுவது எல்லாரும் பார்க்க வேண்டிய காட்சி. பெண்கள் எழுவதை மட்டும் ஆண்டாள் நமக்குக் காட்டவில்லை. அதை அவளவளுக்கே விட்டுவிட்டாள் என்று படிக்க எனக்குப் பிடிக்கிறது. வெளியே நிற்பவர்களால் வாசல்வரை வர முடியும், கத்த முடியும், காத்திருக்க முடியும். கால் தரையில் படுகிற அந்த நொடிக்குள் அவர்களும் வர முடியாது, பாட்டும் வர முடியாது.

எங்கள் பக்கத்துக்கு இதில் ஒரு சொந்தக் கதையும் உண்டு. காட்டுப்பாக்கத்திலிருந்து கொஞ்சம் போனால் பூந்தமல்லி, திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். காஞ்சி வரதருக்கு விசிறி வீசியவர். அதே சாலையில் இன்னும் மேற்கே போனால் திருமழிசை. அந்த ஊர் ஆழ்வார் கடவுளை எழுப்பிய விதத்தில் பள்ளியெழுச்சியின் பவ்யம் எதுவும் இல்லை. சீடன் கணிகண்ணனை ராஜா காஞ்சியை விட்டுப் போகச் சொன்னபோது, அவன் போகிறான், நானும் போகிறேன், நீ மட்டும் இங்கே படுத்திருக்காதே, பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பு என்று திருவெஃகாப் பெருமாளிடம் சொன்னாராம். பெருமாள் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். ராஜா மன்னிப்புக் கேட்ட பிறகு திரும்பி வந்து பாயை விரித்தபோது எதிர்ப்பக்கமாகப் படுத்துக்கொண்டார். அதனால்தான் அவருக்குச் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று பெயர். எழுப்பிய காரணம் விடிந்துவிட்டது என்பதல்ல, நண்பன் ஒருத்தன் ஊரை விட்டுப் போகிறான் என்பது.

அவரே கும்பகோணம் போனபோது நடந்தது இன்னொன்று. படுத்திருக்கும் ஆராவமுதனைப் பார்த்து, நடந்து நடந்து கால் வலிக்கிறதா, அதனாலா இப்படிக் கிடக்கிறாய் என்று கேட்டு, எழுந்து பேசு என்றார். பெருமாள் எழ ஆரம்பித்தார். உடனே ஆழ்வாருக்கு மனசு கேட்கவில்லை. போதும், அப்படியே இரு, நீ வாழ்க என்று சொல்லிவிட்டார். அதனால் அவர் இன்றும் பாதி எழுந்த நிலையில்தான் இருக்கிறார். உத்தான சயனம் என்கிறார்கள். எழுப்புகிறவன் முதலில் கேட்ட கேள்வி கால் வலிக்கிறதா என்பது.

ஒரு சின்னத் தகவல். சென்னையில் சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது மார்கழியில் இல்லை, தையில். பாட்டும் ஒலிபெருக்கியும் பொங்கலோடு ஓய்ந்த பிறகுதான் இருட்டு இன்னும் கொஞ்சம் நீள்கிறது. அவள் ஊருக்குப் போன பிறகு அந்தத் தை மாசக் காலைகளில் ஐந்தேகாலுக்கு நான் தனியாகப் படியிறங்கினேன்.

இந்த வருஷம் மார்கழி முதல் தேதியிலிருந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபடி அவளுக்கு போன் பண்ணுகிறேன். முதல் நாலு நாள் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் எடுத்தாள்.

"எந்திரிச்சிட்டியா?"

"ம்."

"பொய் சொல்லாத."

"பாதி எந்திரிச்சிருக்கேன். போதுமா? நீ பஸ்ஸப் பிடி."

பஸ் வரவில்லை என்று சொன்னேன். வந்து நின்றுகொண்டிருந்தது.